பாய்லருக்குள் எட்டுப் பேர், படகில் நான்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, என்னோடு சண்டை போடுவதையே பிழைப்பாக வைத்திருந்த மாப்பிள்ளை முருகேசனுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் அங்கிருந்தே குத்தலாக ஏதாவது சொல்வாய். மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரங்கூன் பபேடானில் நான் வேலை செய்யும் இரும்புக் கடையில் ஒருவர் ஆணி கேட்டால் கொக்கியை எடுத்து நீட்டுகிறேன். "கண்ண எங்க வச்சிருக்கீங்க?" என்று முதலாளியம்மா கேட்டேவிட்டார். ஆற்றில் வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

எல்லாம் அந்தப் பாய்லரால் வந்தது. அமெரிக்காக்காரர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்ட காலத்து நீர்மூழ்கி. அதன் பெயர் நம் வாயில் நுழையாததால் பாய்லர் என்றே வைத்துக்கொண்டோம். ரங்கூன் ஆற்றில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல்களின் இரும்பை நீ முங்கி எடுக்க, நான் மேலே கயிறு பிடிக்க, நாம் விற்ற நாட்களில், நீரோட்டம் அடங்கட்டும் என்று படகில் காத்திருக்கும்போதெல்லாம் உனக்கு அந்தப் பேச்சுதான். படகுப் பலகையில் கரித்துண்டால் அதை எத்தனை முறை வரைந்திருப்பாய்!

நீளமான இரும்புக் கூடு, உள்ளே நிமிர முடியாது. ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து தண்டைக் கையால் சுழற்றினால்தான் பின்னால் விசிறி சுற்றும். எட்டாவது ஆள் முன்னால் இருந்து திசை பார்ப்பான். ஒரு மெழுகுவர்த்தி எரியும். அது மங்கினால் காற்று தீர்கிறது என்று அர்த்தம். மூக்கில் நீண்ட கம்பு, கம்பின் நுனியில் வெடிமருந்து. "மேல ஒருத்தனும் கயிறு புடிக்கலியே மச்சான், எந்த மடையன் இத வரஞ்சான்?" என்று கத்துவாய்.

ஒரு முறை திறந்த மூடி வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கியது. இன்னொரு முறை முன்தொட்டியின் குழாயை மூடாமல் விட்டதால் மூக்கு சேற்றில் குத்திக்கொண்டது. அதற்குத் தன் பெயரைத் தந்தவனே அன்றைக்கு உள்ளே செத்தான். இரண்டு முறையும் தூக்கி, பிணங்களை எடுத்து, கழுவி வைத்தார்கள். மறுபடியும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஆட்கள் எதிரியின் போர்க்கப்பலையே மூழ்கடித்தார்கள். நீர்மூழ்கி ஒன்று போரில் கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல் தடவை. அவர்களும் திரும்பவில்லை. நான் கொஞ்சம் நெகிழ்ந்து பேசினால் போதும், "அடிமை வச்சிருந்தவன் கட்சிடா அது, ரொம்ப உருகாத" என்று என் வாயை அடைப்பாய்.

போன ஞாயிறு கியாக்தானுக்குப் பஸ் ஏறி வள்ளியைப் பார்க்கப் போனேன். மின்சாரம் இல்லை. கையால் சுற்றும் மிஷினில் லுங்கி தைத்துக்கொண்டிருந்தாள். உன் மகன் ராஜு கைப்பேசியில் பாய்லரைக் காட்டினான். நூறு வருஷத்துக்கு மேல் கடலடியில் கிடந்ததைத் தூக்கிவிட்டார்களாம். எட்டுப் பேரின் எலும்பும் அவரவர் இடத்திலேயே இருந்ததாம். ஒருவரும் மூடிப் பக்கம் ஓடவில்லை, கழற்றினால் மேலே வந்துவிடும் அடி எடையையும் கழற்றவில்லை. வெடித்த அதிர்ச்சியில் அந்த நொடியே போனார்கள் என்கிறார்கள் சிலர், காற்று தீர்ந்து மயங்கினார்கள் என்கிறார்கள் சிலர்.

வள்ளி மிஷினை நிறுத்தினாள். நீயும் இடுப்பு எடையை அவிழ்க்காமல்தானே ஆற்றடியில் செத்துக் கிடந்தாய்.

"அண்ணே, அவரு கயித்த இழுத்தாரா?"

ஆபத்தென்றால் கீழே இருப்பவன் கயிற்றை இழுக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். ஆறு வருஷமாக அவள் கேட்காத கேள்வி.

"இல்லம்மா. கயிறு என் கையிலதான இருந்துச்சு. இழுத்திருந்தா தெரியாதா?"

"அப்ப வலி தெரியாமத்தான் போயிருக்காரு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் அந்த இடி. "ராஜுவும் ஆத்துல எறங்குறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். வேற வேலையும் கெடைக்கல. நீ கயிறு புடிச்சா அனுப்புறேன். வேற எவன் புடிச்சாலும் மாட்டேன்."

ராஜுவுக்கு இருபத்துமூன்று வயது. தமிழ் புரியும், பதில் பர்மாப் பேச்சில்தான் வரும். அன்று மட்டும் தமிழிலேயே, "மாமா, சரின்னு சொல்லுங்க" என்றான். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் போட்ட லபெயே தேநீரைக் குடித்துவிட்டு, பஸ் போய்விடும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உனக்கு மட்டும் தெரியும். நீ போன அன்று, காற்று இயந்திரத்தைப் பார்க்கும் நம் மூன்றாவது ஆள் கோ துன் காய்ச்சலென்று வரவில்லை. ஆள் குறைந்தால் இறங்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். "ஒரே ஒரு முங்கு மச்சான்" என்று அதை மீறியதும் நீதான். நானும் தடுக்கவில்லை. நீ கீழே இருக்கும்போது காற்று அனுப்பும் இயந்திரத்தில் பெட்ரோல் தீர ஆரம்பித்தது. அது நின்றால் உன் மூச்சு நிற்கும். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் புனல். கயிற்றைக் குதிகாலால் மிதித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம்? கடையில் உட்கார்ந்து எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு வருகிறது. கயிற்றை மறுபடி எடுத்தபோது தொளதொளவென்று இருந்தது. இழுத்தேன், பதில் இல்லை. பக்கத்துப் படகுக்காரன் இறங்கி உன்னைக் கொண்டுவந்தான். காற்றுக்குழாய் இரும்புத் தகட்டுக்கடியில் நசுங்கிக் கிடந்தது என்றான்.

நீ இழுத்தாயா, முருகேசா?

அந்த எட்டுப் பேரைப் போல நீயும் நொடியில் போயிருப்பாய் என்று ஒரு சாயங்காலம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வசதியான நினைப்பு! அவர்களுக்கு மேலே ஒருவரும் இல்லை. உனக்கு நான் இருந்தேன்.

உண்மையைச் சொன்னால் வள்ளி இனி ஒவ்வொரு தையலுக்கும் உன் கடைசி நிமிஷத்தை நினைப்பாள். சொல்லாவிட்டால் தன் பிள்ளையை என் கையில் கொடுப்பாள். எது பெரிய பாவம்? எல்லாவற்றுக்கும் வாய் வைத்திருந்தவன், இதற்கு மட்டும் பேசாமல் இருக்கிறாயே.

சரி, நானே சொல்கிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கியாக்தான் போகிறேன். அவள் தேநீர் போடுவதற்கு முன்னால், உட்காருவதற்கும் முன்னால் சொல்லிவிடுவேன். உட்கார்ந்தால் பயந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ராஜுவையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்வேன். அதன்பிறகு அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடாமல் போனாலும் போகட்டும். "வள்ளி, கயிறு என் கையில இல்ல" என்று சொல்லாமல் அந்த வீட்டுப்படி இறங்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
உன் மச்சான் சுப்பையா