விலா எலும்பு ஒடியவில்லை

சித்தூர்,
ஆடி 14, புதன்கிழமை

அன்பு மகன் ஹேமநாத்துக்கு அம்மா தாட்சாயணி எழுதுவது. நீயும் ரக்ஷிதாவும் குவைத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் நான் இன்னும் முழு நலமில்லை, ஜாக்கெட் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, துணி பட்டாலே எரிகிறது என்று உன் நைனாவின் பழைய தொளதொள சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தைக் கத்தி நிறுத்த முடியாது. அடுத்த தெரு கோபிகிருஷ்ணன் லீவு முடிந்து நாளை கிளம்புகிறான், மாங்காய்த் தொக்கோடு இதையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ தெலுங்கு மீடியம் படித்தவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன், அவசரப்படாமல் கடைசிவரை படி.

நீ நைனாவிடம் பேசியதை நானும் ஸ்பீக்கரில் கேட்டேன். "அம்மா விலா எலும்ப ஒடிச்ச கைய நான் வந்து ஒடிக்கிறேன்" என்றாய். அதற்காகவே டிக்கெட் போட்டிருப்பதாக உன் அக்கா ஸ்ரீதேவியும் சொன்னாள். அவள் உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறாள். எலும்பு ஒடியவில்லை. ஆனால் உன் நைனா தள்ளினார். இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்.

ஆனி முதல் ஞாயிறு, மாம்பழக் கூழ் பேக்டரியில் சீசன் ஆரம்பித்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் நின்றுகொண்டு பழம் தரம் பிரிக்கப் போக வேண்டாம் என்றார், நான் போவேன் என்று சாப்பாட்டுக் கேரியரை எடுத்தேன், அவர் பிடுங்கினார், நான் விடவில்லை, வலது கையால் மார்பில் வைத்து ஒரே தள்ளு. துவைக்கிற கல்லில் இடது விலா மோதியது. பதினெட்டு வருஷம் கை நீட்டாமல் இருந்தவர். நான் எழுந்து கீழே கிடந்த கேரியரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள்தான் அந்த வலி வந்தது. முதுகிலிருந்து மார்புக்கடியில் சுற்றிக்கொண்டு யாரோ அரிவாள்மணையை வைத்து இழுப்பதுபோல. மூச்சுவிட்டால் குத்தல், விசிறிக் காற்று பட்டால் குத்தல். பக்கத்து வீட்டு சந்திரம்மா பார்த்துவிட்டு விலா ஒடிந்திருக்கிறது, புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொள் என்றாள். நம் பக்கத்தில் வேறு யாருக்கு வேறு என்ன தோன்றும்? கட்டுப்போடுகிறவர் தடவிப் பார்த்து, ஒடிந்த மாதிரி தெரியவில்லை, எக்ஸ்ரே எடுத்துவிட்டு வாங்கள் என்றுதான் சொன்னார். உன் நைனா கேட்கவில்லை, ஒடிந்துதான் இருக்கும், நான்தான் தள்ளினேன், கட்டுங்கள் என்று அங்கிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். பச்சிலை அரைத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்து, மூச்சு முட்டக் கட்டி அனுப்பினார்கள்.

ஆறு நாள் அந்தக் கட்டுக்குள் கிடந்தேன். அவர் தண்ணீர் கொண்டுவந்தால் சொம்பை எறிந்தேன், கஞ்சி கொண்டுவந்தால் கஞ்சியை எறிந்தேன், சுவரில் இன்னும் கறை இருக்கிறது, வந்தால் பார். ஆறாம் நாள் தாங்காமல் நானே கத்தரிக்கோலால் கட்டை வெட்டினேன். உள்ளே தோலே தெரியவில்லை, முதுகுத்தண்டிலிருந்து மார்புவரை பட்டையாக நீர்க்கொப்புளம், பாதி உடைந்து பச்சிலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாம் அக்கி என்கிறோமே, அது. சந்திரம்மா அதைச் சர்ப்பி என்றாள், பாம்பு, தலையும் வாலும் வந்து சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்காது என்று வாசலிலேயே அழுதாள். உன் நைனா தொடாமல், காற்றில் விரலை வைத்து, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எத்தனை விரற்கடை இருக்கிறது என்று அளந்தார். எண்ணிக்கை தவறித் தவறி மறுபடி முதலிலிருந்து அளந்தார். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஸ்ரீதேவிதான் மறுநாள் திருப்பதிக்கு வரவழைத்துத் தோல் டாக்டரம்மாவிடம் காட்டினாள். எக்ஸ்ரேயில் எலும்பு முழுசாக இருந்தது. சின்ன வயதில் அம்மை போட்டதா என்று டாக்டரம்மா கேட்டாள். ஒன்பது வயதில் நகரியில் போட்டது. அது போகவே இல்லையாம், இத்தனை வருஷமும் முதுகெலும்புப் பக்கம் நரம்பில் சத்தமில்லாமல் படுத்திருந்து இப்போது எழுந்ததாம். அது ஒரு பக்க நரம்போடு நின்றுவிடும், பாம்பும் இல்லை, சுற்றிக்கொள்வதும் இல்லை, ஆனால் கொப்புளம் கண்ட மூன்று நாளைக்குள் மாத்திரை ஆரம்பித்திருக்க வேண்டும், தாமதமானதால் வலி சில மாதம் தங்கலாம் என்றாள். அதற்குள் உன் நைனா நாற்காலியைவிட்டு எழுந்து, "பாத்தியா, எலும்பு ஒண்ணும் ஆவல, நான் ஒடிக்கல" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, முழுப் பாட்டில், அதை அந்த முகத்தின் மேலேயே எறிந்தேன். மூக்கில் ரத்தம் வந்தது. டாக்டரம்மா பஞ்சை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, ஐம்பது தாண்டியவர், சர்க்கரையும் இருக்கிறது, இது வராமல் இருக்க நீங்கள் ஊசி போட்டுக்கொள்வது நல்லது, இரண்டு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்றாள். எனக்குப் புண் ஆறிய பிறகு பார்க்கலாம் என்றாள். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நீ போட்டுக்கோன்னா போட்டுக்கறேன், வேணான்னா வேணாம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஒரு மாதம் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். அன்று திரும்பும்போது மலையடிவாரத்து அலிபிரியில் இறங்கி எல்லோரும் கற்பூரம் ஏற்றுகிற இடத்தில் நானும் ஏற்றினேன், பெருமாளே, இதே நோய் இந்த ஆளுக்கு வரட்டும், வந்தால் முடி காணிக்கை தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பெற்ற பிள்ளையிடம் மறைக்க என்ன இருக்கிறது. போன வாரம் காலையில் அவர் குளித்துவிட்டு வந்து சட்டையைத் தூக்கி, "இங்க எரியுதுடி, அதுவா பாரு" என்றார். விலாவில் சிவப்பாக நாலு தடிப்பு. வேண்டுதல் பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன், ஆனால் சந்தோஷம் வரவில்லை, என் புண்தான் குப்பென்று எரிந்தது. பூச்சி கடித்த தடிப்பு, மாலைக்குள் அமுங்கிவிட்டது. அன்று பகலெல்லாம் யோசித்தேன். எனக்கு வாய் இருக்கிறது, அவரைத் தண்டிக்க நோய் எதற்கு? ஊசி போட்டுக்கொள் என்றேன், ஆனால் அதற்கு முன் ஸ்ரீதேவியிடமும் சந்திரம்மாவிடமும், எலும்பு ஒடியவில்லை என்ற பேச்சை எடுக்காமல், தள்ளினேன், தப்பு என்று மட்டும் சொல்ல வேண்டும், இனி ஒருமுறை கை நீண்டால் நான் ஸ்ரீதேவி வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்றேன். இருவரிடமும் சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்வதுதான் பாக்கி.

சனிக்கிழமை திருப்பதிக்குப் போனோம். ஊசி போட்ட கை இரண்டு நாள் தூக்க வராது, எந்தக் கையில் போடட்டும் என்று நர்ஸ் கேட்டாள். அவர் இடது கைச் சட்டையைச் சுருட்டினார். "வலதுல போடும்மா, அந்தக் கைதான்" என்றேன். அவர் அதை இறக்கிவிட்டு வலதைச் சுருட்டினார். ஞாயிறு காய்ச்சல், தோள் வீங்கிக் கை எழவில்லை. சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்தேன். ஊட்டவில்லை. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சிந்திச் சிந்தித் தின்றதை எதிரில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன்.

ஆகவே ஹேமா, நீ வந்து யார் கையையும் ஒடிக்க வேண்டாம். அது என் காரியம், நான் பார்த்துக்கொண்டேன். நீ உன் கையைப் பார். போன மாதம் வீடியோ காலில் உன் பின்னால் ஏதோ உடைந்த சத்தம் கேட்டது, கண்ணாடி டம்ளர் கை தவறி விழுந்துவிட்டது அத்தை என்று ரக்ஷிதா சிரித்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சந்திரம்மாவிடம் நானும் அப்படித்தான் சிரித்தேன். உனக்கும் ஆறு வயதில் அம்மை போட்டது. அதற்கு ஐம்பது வயதில் ஊசி போட்டுக்கொள்ளலாம். இதற்கு ஊசி இல்லை, நீயாகத்தான் நிறுத்த வேண்டும். இந்தக் கடிதத்தை ரக்ஷிதாவுக்கும் வாசித்துக் காட்டு. அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்று பாதியை விட்டுவிடாதே, முழுசையும் வாசித்தாயா என்று அவளைத் தனியாகக் கேட்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, நைனா போன் பண்ணுவார், எடு, குறுக்கே பேசாமல் கேள். தொக்கை ஈரக் கரண்டி போடாமல் எடுங்கள். இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பயமில்லாமல் பார்த்துக்கொண்டு வாழ வேண்டும்.

உன் அம்மா,
தா. தாட்சாயணி

பி.கு.: புரட்டாசியில் நைனாவுக்கு இரண்டாவது ஊசி. அதுவும் வலது கையில்தான் என்று நர்ஸிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.