மூன்றாம் வகுப்பு வரைந்த பள்ளிக்கூடம்

மார்ச் 3, திங்கள்

மேஜைகளையெல்லாம் சுவரோரமாகத் தள்ளியாகிவிட்டது. முதுகு பிடித்துக்கொண்டது, ஆனாலும் சந்தோஷம். எங்கள் மூன்றாம் வகுப்புக்கு நடுவில் இவ்வளவு தரை இருந்தது என்று இன்றுதான் தெரிந்தது.

தலைமை ஆசிரியை ஒரே ஒரு வாரம் கொடுத்திருக்கிறார். "புத்தகம் இல்லாம, பலகையில எழுதிப் போடாம ஒரு வாரம் நடத்துங்க. வெள்ளிக்கிழமை நான் வந்து பார்ப்பேன். உருப்படியா எதுவும் கத்துக்கலைன்னா மேஜையெல்லாம் பழையபடி வரிசைக்குப் போயிடணும்." சரி என்றேன். வேறென்ன சொல்ல? வருடக்கணக்காக நான் பலகையில் எழுதிப் போட, பிள்ளைகள் பார்த்து எழுத, அதையே நான் திருத்த — தூக்கம் அவர்களுக்கு மட்டுமா வருகிறது?

இந்த வார வேலை: பள்ளிக்கூடத்துக்கு ஒரு வரைபடம். குழுவுக்கு ஒரு பெரிய தாள். அளவுகோல் கிடையாது, குதிகாலும் விரலும் ஒட்ட நடந்து, காலடியை எண்ண வேண்டும்.

"எதுக்கு மிஸ் வரைபடம்? எங்களுக்குத்தான் வழி தெரியுமே?" என்று எழுந்தாள் வக்கீல். எதைச் சொன்னாலும் எழுந்து ஆட்சேபம் தெரிவிப்பதால் வகுப்பே வைத்த பெயர்.

"தெரியாதவங்களுக்கு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். இன்று நான் ஜெயித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

சத்தம், சத்தம், சத்தம். தாழ்வாரம் முழுக்க எண்ணிக்கொண்டே நடக்கிறார்கள். ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும் பையன் ஒருவன் இருக்கிறான், சவுண்டு என்று பெயர். அவன் எண்ண ஆரம்பித்தால் மற்ற எல்லோருக்கும் எண்ணிக்கை மறந்துவிடுகிறது. நான்காம் வகுப்பு ஆசிரியர் கதவைச் சாத்தினார். சாத்திய விதம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

மார்ச் 5, புதன்

தாள்களை ஒன்றாக ஒட்டினோம். அழுகையே வந்துவிட்டது, எனக்கு. தண்ணீர்த் தொட்டி நூலகத்தைவிடப் பெரிது. மாடிப்படி கழிப்பறைக்குள்ளிருந்து கிளம்புகிறது. பிள்ளைகளோ பெருமை தாங்காமல் கைதட்டுகிறார்கள்.

"தொட்டி ஏன் இவ்வளவு பெரிசு?"

"அங்கதானே மிஸ் நாங்க எல்லாரும் நிப்போம்" என்றான் சவுண்டு. அளந்த கணக்கு தாளின் மூலையில் சமர்த்தாக எழுதியிருக்கிறது. வரைந்தது மட்டும் அவரவர் ஆசைப்படி.

நாளை மறுநாள் இதைத் தலைமை ஆசிரியை வந்து பார்த்தால்? எல்லாம் போச்சு. இதெல்லாம் எனக்குத் தேவையா? வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?

வீட்டில் என் கணவரிடம் கைபேசியில் படத்தைக் காட்டினேன். பேருந்து ஓட்டுகிற மனிதர், நாலு வழி பார்த்தவர் என்று ஒரு நம்பிக்கை. கைபேசியை இப்படியும் அப்படியும் திருப்பி, "எது மேல் பக்கம்?" என்றார். சிரிக்காதீர்கள் என்றேன். சிரித்தார். வந்த கோபத்தில் நானே ஒரு வரைபடம் போட்டேன். அளவுகோல் வைத்து, அச்சடித்த மாதிரி. வெள்ளிக்கிழமை இதை மாட்டிவிட்டால் தீர்ந்தது.

"பிள்ளைங்க போட்டதுன்னு சொல்லப் போறியா?" என்று கேட்டார். அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 6, வியாழன்

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். என் பைக்குள்ளிருந்து தாள் எட்டிப் பார்த்திருக்கிறது. வக்கீல் விரித்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு மிஸ்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "அப்ப நாங்க போட்டது வேண்டாமா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். "வேணும். உங்களோடதுதான் வேணும்." வெட்கமாக இருந்தது, இதை எழுதும்போதும்.

"அப்ப வழி தெரியாத ஒருத்தரை வெச்சுப் பார்க்கலாம் மிஸ். வந்து சேர்ந்துட்டா சரி, சேரலைன்னா தப்பு." இதுவும் வக்கீல்தான்.

என் கைவசம் ஒருவர் இருக்கிறார், பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை, இன்று அவருக்கு விடுமுறையும்கூட. கூப்பிட்டேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் இவர். வாசலில் வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் வகுப்பில் காத்திருந்தோம். காத்திருந்தோம், காத்திருந்தோம். கடைசியில் சவுண்டுதான் கண்டுபிடித்தான். கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.

பிள்ளைகள் சுற்றி நின்று விசாரித்த விசாரணை இருக்கிறதே! போலீஸ் தோற்றது. எங்க திரும்புனீங்க? ஏன் அந்தப் பக்கம் போனீங்க?

"தொட்டிகிட்ட திரும்பணும்னு போட்டிருந்துச்சு. வரைபடத்துல அது குளம் மாதிரி இருக்கு. நேர்ல பார்த்தா இத்தனூண்டு. இது வேற தொட்டி போலன்னு தாண்டிப் போயிட்டேன்."

எல்லோரும் தாளைக் குனிந்து பார்த்தார்கள். சவுண்டுகூட. பிறகு ஒருத்தி அழிரப்பரை எடுத்தாள். யாருடைய கால் எந்த அளவு என்று சண்டை வந்தது. இனிமேல் சவுண்டின் கால் மட்டும்தான் அளக்கும் என்று வக்கீல் தீர்ப்பு சொன்னாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. தொட்டி சின்னதாகிவிட்டது. மாடிப்படி கழிப்பறையை விட்டு வெளியே வந்துவிட்டது. அளவு எதற்கு என்று நான் பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஒரு ஆள் வழி தப்பிப்போனதில் புரிந்துகொண்டார்கள்.

மார்ச் 7, வெள்ளி

காலையிலேயே வரைபடத்தின் நகல் ஒன்றைத் தலைமை ஆசிரியையின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். சொன்ன நேரத்துக்கு அவர் வரவில்லை. ஒரு சின்னப் பெண்தான் கதவருகில் வந்து நின்றாள். கையில் அந்த நகல்.

"மூணாம் கிளாஸ் இதுவா?"

இன்று புதிதாகச் சேர்ந்த பிள்ளை. அவளுக்குப் பின்னால் அவள் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் தலைமை ஆசிரியை. "வாசல்லேருந்து அவளேதான் வந்தா. யாரும் வழி சொல்லல" என்றார். வகுப்பு குதித்த குதியில் ஜன்னல் அதிர்ந்தது. நான்காம் வகுப்பின் கதவு மறுபடி சாத்தப்பட்டது. சாத்தட்டும்!

அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தலைமை ஆசிரியை சுவரில் இருந்த பெரிய வரைபடத்தை நிதானமாகப் பார்த்தார்.

"என் ரூம் எங்க?"

தேடினேன். இல்லை. யாருமே போடவில்லை. நானும் கவனிக்கவில்லை. வக்கீல் எழுந்தாள். உட்காரு தாயே என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"அங்க யாரும் வழி கேட்டுப் போறதில்ல மேடம். திட்டு வாங்கத்தான் போவாங்க. அதுக்குக் கூடவே ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க."

அவர் சுவரோர மேஜைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய்விட்டார்.

மார்ச் 8, சனி

"அந்தப் பொண்ணு வந்து சேர்ந்தாளா இல்லையா?" என்கிறார் இவர். சேர்ந்தாள். "அப்புறம் என்ன?" என்கிறார். இவருக்கு எங்கே புரியப் போகிறது.

மார்ச் 10, திங்கள்

பிள்ளைகள் வருவதற்குள் நானே மேஜைகளை வரிசையில் போட்டுவிடலாம் என்று சீக்கிரமே போனேன். அவர்கள் கண் முன்னால் அதைச் செய்ய எனக்குத் தெம்பில்லை.

முதல் மேஜையைப் பிடித்து நிமிர்ந்தபோது வரைபடம் கண்ணில் பட்டது. மாடிப்படிக்குப் பக்கத்தில் பச்சை மையில் புதிதாக ஒரு கட்டம். இந்தப் பள்ளிக்கூடத்தில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான். கட்டத்துக்குள் பொடி எழுத்தில்: "என் அறை. கூப்பிடாமலும் வரலாம்."

மேஜையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மணி அடித்தது. வக்கீல் வந்தாள், பார்த்தாள், இடுப்பில் கை வைத்தாள். "தப்பு மிஸ். மேடம் ரூம் நூலகத்தைவிடப் பெரிசா இருக்கு. அளக்காமயே போட்டிருக்காங்க." நான் வாயைத் திறப்பதற்குள் சவுண்டையும் புதுப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பின்னாலேயே போனேன். தலைமை ஆசிரியையின் அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. நாற்காலிகள் சுவரோரமாகத் தள்ளப்பட்டிருந்தன. நடுவில் சவுண்டு அடிமேல் அடி வைத்து நடக்க, அவன் காலையே பார்த்தபடி குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார் அவர்.

"ஒண்ணு விட்டுட்டீங்க மேடம்" என்றாள் வக்கீல். "மறுபடி முதல்லேருந்து."

அவர் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.