நீ குறுக்கே பேசின கேசட்

என் வீட்டம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முதுகுவலி தேவலையா? கிடங்குல பெட்டி சரிஞ்சு கால்ல லேசா அடி, பதறாதே. பத்து நாளா அறையிலேயே கிடக்கேன். பேச ஆளில்லை. எனக்குப் பிடிச்ச அந்த ராக் குழுவோட கச்சேரி கேசட்டுங்கதான் துணை. பாட்டு ஒண்ணுதான், ஆனா கிட்டார்காரன் ஒரு கச்சேரியில போன வழியில அடுத்த கச்சேரியில போகமாட்டான்.

நாம சேர்ந்து போன கச்சேரியை நான் பதிஞ்சப்ப, "இந்தப் பாட்டு முடியவே முடியாதா? பசிக்குதுங்க"ன்னு குறுக்கே பேசினே. பதிவே கெட்டுப்போச்சுன்னு உன்மேல எரிஞ்சு விழுந்தேன். நீ பேசின இடத்தை மட்டும் விட்டுட்டு, வேற கேசட்ல ஏத்தி, வேலைக்கு இங்க வர்றப்ப எடுத்துட்டு வந்தேன்.

பழைய கேசட் பீரோவுல என் சட்டைக்கு அடியில இருக்கு. உடனே அனுப்பு. அதுமேல வேற ஏதோ பதிஞ்சுட்டேன்னு மட்டும் சொல்லிடாதே. தபால் எடுக்கிறவர் வந்துட்டார்.

தினமும் நீ பேசின அந்த இடம் வர்றப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கறேன். கிட்டார் தாண்டிப் போயிடுது. நீ வரமாட்டேங்கிறே.

உன் சிடுமூஞ்சி