ஆஃபியாவின் பெயரில் கல் வேண்டாம்

படப்பை
14.3.2008

அன்பு மகன் சுஃபியானுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் நீயும் மருமகளும் குட்டி சோயாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் அத்தாவும் அல்லாஹ் வைத்த மாதிரி இருக்கிறோம், அத்தாவுக்கு சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எனக்கு முழங்கால்தான். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே அத்தா உட்கார்ந்திருப்பார். இது அவர் காதில் விழாமல் உனக்குச் சொல்ல வேண்டியது.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் நம் ரோடு இப்போது நீ பார்த்த ரோடு இல்லை. ஒரகடத்துக் கம்பெனிகளுக்குக் கன்டெய்னர் லாரி போய் வர அகலப்படுத்துகிறார்கள், ஓரத்துப் புளியமரம் ஒன்றுகூட மிச்சமில்லை, பஸ் ஸ்டாப் டீக்கடை மூன்று முறை பின்னால் நகர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு பேபியின் புருஷனுக்கு அங்கே செக்யூரிட்டி வேலை. முன்னே எல்லாம் அவரு வூடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆவும், அதுக்குள்ள என் கோவம் ஆறிப்பூடும், இப்ப இருவது நிமிஷத்துல வந்து நிக்கிறாரு, சண்டை சூடாவே கீதுக்கா என்கிறாள். நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது.

அந்த ரோட்டுக்காக நம் கபர்ஸ்தானின் முன்பக்கம் பதினாறு அடி போனது உனக்குத் தெரியும். முன் வரிசையில் அடங்கியிருப்பவர்களை அவரவர் குடும்பத்தார் அடையாளம் காட்டினால் பின்பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஜமாஅத்தில் சொன்னதும், உன் தங்கை எந்த இடம் என்று அத்தா உன்னைப் போனில் கேட்டதும், கேட்டிலிருந்து மூன்றாவது மருதாணிச் செடி என்று நீ சொன்னதும் தெரியும். மறுநாள் அத்தா உன்னிடம், சரியா சொன்னப்பா, ஆஃபியாவ நல்லபடியா மாத்திட்டோம் என்றார். அது உண்மையில்லை. உன் மனசு உடையக்கூடாது என்று சொன்ன பொய்.

நடந்ததைச் சொல்கிறேன். அவளை அடக்கம் பண்ணியபோது அத்தா கல் வைக்க ஒப்பவில்லை, ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பெயர்ப்பலகை எதற்கு என்று ஒரு மருதாணிக் கொம்பை மட்டும் ஊன்றிவிட்டு வந்தார். நீயும் கூடப் போனாய், உனக்குப் பதின்மூன்று வயது. நான் அந்தச் சுவரைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போனவள் இல்லை, பெண்கள் போவதில்லை என்றே வளர்ந்தவள். பஸ்ஸில் போகும்போது சுவருக்கு மேல் பச்சையாகத் தெரியும், அதுதான் எனக்கு. செடி நன்றாக வளர்ந்ததும், கேட்பாரற்றுக் கிடக்கும் கபர்களிலும் ஒரு கொம்பு ஊன்றுங்கள், அந்த நன்மை ஆஃபியாவுக்குப் போய்ச் சேரட்டும் என்று மழைக்காலம்தோறும் அத்தாவை அனுப்பியது நான்தான். பதினான்கு வருஷத்தில் முன் வரிசையிலேயே ஐந்து செடி ஆகிவிட்டது, எல்லாம் ஒரே உயரம், நடுவில் ஒன்றிரண்டு பட்டும் போயிருக்கிறது. பால், கேஸ், பேரீச்சம்பழம் வாங்கியது வரை நோட்டில் எழுதுகிறவள், எந்தக் கபரில் எப்போது நட்டோம் என்று மட்டும் எழுதவில்லை. நன்மையை நாம் எழுதி வைக்கக்கூடாது, அதை அல்லாஹ்வின் மலக்குகள் எழுதுவார்கள் என்று இருந்துவிட்டேன். அவளைச் சுற்றி நானே அடையாளத்தை அழித்திருக்கிறேன் சுஃபியான்.

ஜேசிபி ஓட்டுகிற மாரி என்ற பையன் நல்லவன். பாய், ரெண்டு நாளு வண்டிய அந்தாண்ட ஓட்டிக்கினு இருக்கேன், அதுக்குள்ள உங்க பொண்ண எடுத்துக்கோங்க, மூணாம் நாளு மேஸ்திரி வந்து நின்னாருன்னா என்னால ஒன்னும் பண்ண முடியாது என்று அத்தாவிடம் சொன்னானாம். அத்தா தன் கையாலேயே மூன்றாவது செடியின் கீழே தோண்டினார். உள்ளே இருந்தது நம் பிள்ளை இல்லை. எலும்பைப் பார்த்தாலே நெட்டையான பெரிய ஆள், யாரென்று யாருக்கும் தெரியவில்லை. திறந்தது திறந்ததுதான், புதுத் துணியில் வைத்து துஆ ஓதிப் பின்பக்கம் அடக்கினார்கள். மற்ற நான்கையும் பார்த்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், குத்துமதிப்பாக அடுத்தவர் கபரைத் திறக்க வேண்டாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் தடுத்தார். அத்தா வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல் அடுப்படி வாசலில் நின்றார். "நிறுத்திட்டேன் ஹஃபீசா. இன்னொருத்தர் வூட்டு மனுஷன இதுக்கு மேல எழுப்ப எனக்கு மனசு வரல" என்றார். நான் கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். திங்கட்கிழமை அந்த முன் வரிசை மேலேயே ஜல்லி கொட்டி ரோலர் விட்டார்கள்.

நீ சரியாகத்தான் சொல்லியிருப்பாய், செடிதான் மாறிவிட்டது, உன்மேல் ஒரு தவறும் இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு அழாதே. ஆனால் போன வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் கருப்புக் கிரானைட்டில் ஆஃபியா என்று பெயர் வெட்டச் சொல்லியிருக்கிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தாவும் வாயைத் திறக்க முடியாமல் தவிக்கிறார். யாரோ பெற்ற பிள்ளையின் தலைமாட்டில் நம் பிள்ளையின் பெயரை வைக்கக்கூடாது. அந்த ஆர்டரை நிறுத்திவிடு. செலவைப் பார்த்து நீயே வேண்டாம் என்று முடிவு செய்ததாக அத்தாவிடம் சொல், அவர் சொன்னது பொய் என்று உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. வெள்ளிதோறும் அந்தப் புது இடத்தில் நின்று யாசீன் ஓதிவிட்டு வருகிறார். நம் கையால் எழுப்பிய ஆள், இப்போது நாம்தான் அவருக்குச் சொந்தம் என்கிறார், அதுவும் சரிதான்.

வெயிலில் வேலைக்குப் போகும்போது தலைக்குத் துணி கட்டு, சோயாவுக்குப் பல் முளைக்கும் நேரம், கண்டதை வாயில் வைக்க விடாதே. அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் கை நிறைய ரிஜ்க்கும் தரட்டும். பல்லாவரத்துக்கு மறக்காமல் இந்த வாரமே போன் செய். ரம்ஜானுக்கு வரும்போது ஏர்போர்ட்டிலிருந்து இந்த ரோட்டில்தான் வருவீர்கள். பள்ளிவாசல் தாண்டிக் கபர்ஸ்தான் சுவர் வந்ததும் எல்லாரும் உள்ளே பார்த்து சலாம் சொல்வார்கள். நீ டிரைவரைக் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லி, ரோட்டைப் பார்த்துச் சொல்.

உன் அம்மா
ஹஃபீசா