மொக்கச்சாமியின் கைநாட்டு

13.6.1979
சாரல். மொக்கச்சாமி தாமதமாக வந்தான். வருகை எழுதும் செக்ரோலில் அரைநாள் போட்டேன். "அரை உசுரோடயாண்ணே வேலை பாத்தேன்?" என்று முறைத்தான். சிரிப்பு வந்துவிட்டது. முழுநாளாக்கினேன்.

14.6
ஏலத்தோட்டத்தில் நிழல்மரத்துக் கிளை கழிக்க ஏறிய மொக்கச்சாமி விழுந்து செத்துப்போனான். உடம்பை ஜீப்பில் அவன் ஊரான தேவாரத்துக்கு அனுப்பினோம். அவன் பெண்டாட்டி இருளம்மாள் அழவே இல்லை.

15.6
செக்ரோலில் அவன் பெயரை அடிக்கப் போனேன். முதலாளி தடுத்தார். "மாசக் கடைசி வரைக்கும் வந்ததாப் போடுங்க. முழுச் சம்பளமும் அவ கைக்குப் போகட்டும்." இத்தனை நாள் மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டேன்.

30.6
சம்பளப் பட்டியலில் கைநாட்டு இல்லாமல் பணம் எடுக்க முடியாது. துக்க வீட்டிலிருந்து இருளம்மாள் எப்படி வருவாள்? வராதவர்களுக்கு நானே ரேகை வைத்துப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம்தான். என் இடது பெருவிரலை வைத்தேன்.

1.7
தேவாரம் போய்ப் பணம் கொடுத்தேன். "நல்லா இருப்பீகண்ணே" என்றாள்.

9.8
இருளம்மாள் நஷ்டஈடு கேட்டு மதுரையில் தொழிலாளர் அதிகாரியிடம் மனுப் போட்டிருக்கிறாள். செக்ரோலையும் பட்டியலையும் முதலாளி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். எனக்கு முப்பது ரூபாய் சம்பள உயர்வு. எதற்கு?

2.9
வக்கீலிடம் முதலாளி சொன்னது அடுத்த அறையில் இருந்த என் காதில் விழுந்தது. "நம்ம மொக்கச்சாமி மாசம் பூரா வேலை பாத்து, கைநாட்டு வச்சு, சம்பளம் வாங்கிட்டு வேலையை விட்டு நின்னுட்டான். தேவாரத்துல செத்தது வேற மொக்கச்சாமி."

என் எழுத்து. என் விரல். அடப்பாவி — இது அவருக்கா, எனக்கா?

வெளியே வந்தவர் என் தோளில் கை போட்டார். "சாட்சிக்கு நீங்கதான் வர்றீங்க. அந்த ரேகை யாருதுன்னு கிளறினா, உள்ள போறது நானில்ல."

3.9
எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். ஜெயிலுக்குப் போனவன் மகளை எவன் கட்டுவான்?

12.10
மதுரைக்கு முதலாளியின் ஜீப்பில்தான் போனேன். வழியில் இரண்டு இடத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

விசாரணை அறையில் என்னைக் கண்டதும் இருளம்மாள் எழுந்து நின்றாள். "வந்துட்டீகளாண்ணே." அவளுக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

அதிகாரி பட்டியலைத் திருப்பிக் காட்டினார். "இது மொக்கச்சாமி கைநாட்டுதானே?"

மைப்பெட்டியைக் கேட்டு வாங்கினேன். இடது பெருவிரலை வெள்ளைத்தாளில் பதித்து, பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஜீப்பு எனக்காக நிற்கவில்லை. போடிக்குப் போகும் பஸ்சில் ஏறினேன். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டிலும் மை ஒட்டிக்கொண்டது.