மெஷினை முருகதாஸ் வீட்டு விலாசத்துக்கு அனுப்பு

அன்பு மகள் ரெனிஷாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அது முழுசாக உண்மையில்லை என்பதால், மாதா தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதுகிறேன். நீயும் மருமகன் ஜெஃப்ரினும் பிள்ளையும் தடுமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் நினைக்கிறேன். கைக்குள் போன் இருக்க இந்த அம்மாவுக்கு என்னத்துக்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். நம்ம வீட்டில் இருப்பது ஒரு போன். அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு நடு வீட்டில் வைத்துவிடுவார், மெசேஜ் வந்தாலும் அவர் வாசித்து முடித்த பிறகுதான் எனக்கு. ஒரு வார்த்தை தனியாகப் பேச வழியில்லை. உன்னோடு வேலை பார்க்கும் பிரிஜா லீவு முடிந்து சனிக்கிழமை திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டேன், அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்பா தூங்குகிறார். எழுந்தால் பாதியில் நிறுத்துவேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் அப்பா உன்னிடம், இரும்பு அறுக்கிற என் கட்டிங் மெஷின் வீட்டுக்குத் திரும்பி வந்தே மாசக்கணக்காச்சு, தெருவெல்லாம் சுற்றிக்கொண்டு நடக்கிறது என்று குறைப்பட்டார். நீயும் மனசு இளகி, பாட்டரியில் ஓடுகிற புது மெஷின் ஆன்லைனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கே வரவைக்கிறேன் என்று சொல்லிவிட்டாய். நான் பக்கத்தில் நின்று கையை ஆட்டினேன், வீடியோவில் உனக்குத் தெரியவில்லை. ரெனிஷா, அந்த மெஷின் அப்பா கைக்கு வரக் கூடாது. உன் அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. வயசானால் வருகிற நடுக்கம் என்று நானும் முதலில் நினைத்தேன். சும்மா மடியில் வைத்திருக்கும்போதே வலது கை தானாக ஆடும். டீ கிளாஸைப் பாதிதான் நிரப்பிக் கொடுக்கிறேன். டாக்டர் நரம்புச் சீக்கு என்றார், மாத்திரை கொடுத்தார், மெஷின் பக்கம் போகவே கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். வெளியே வந்ததும் அப்பா என்னிடம், ரெஸ்ட் எடுத்தால் சரியாகிவிடும் என்றுதானே டாக்டர் சொன்னார் என்றார். நானும் அங்கேதானே இருந்தேன்! இருந்தும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அன்றைக்குத் தொடங்கியது இந்தப் பொய். நீ நர்ஸ், கையைப் பார்த்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் வீடியோவில் அவர் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டுகிறார். ஈஸ்டருக்கு முன்னால் ஸ்கூட்டரில் இருந்து விழுந்து தொடையில் தையல் போட்டது என்று சொன்னோமே, அதுவும் ஸ்கூட்டர் இல்லை. மெஷின்தான். நம்ம தெரு சுனிதா வீட்டு மாடித் தோட்டத்து உர டிரம்முக்கு ஸ்டாண்டு செய்து தருகிறேன் என்று இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார், மெஷின் எகிறி லுங்கியோடு தொடையைச் சீவிவிட்டது. கொஞ்சம் மேலே பட்டிருந்தால் நான் இன்றைக்கு எழுதுகிற கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நம்ம கார் ஷெட்டின் கதை உனக்குப் பாதிதான் தெரியும், நீ அயர்லாந்துக்குப் போன பிறகு வளர்ந்தது. ஓக்கி புயல் அடித்தபோது தெரு முழுக்க மரம் விழுந்து கிடக்க, ஒரே ஒரு அறுப்பு வாளை வைத்து எல்லா வீட்டுக்காரரும் மாறி மாறி அறுத்தார்கள். அதோடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஏணி, ஒரு டிரில்லிங் மெஷின் என்று துருப்பிடிக்க வைத்திருப்பானேன், எல்லாவற்றையும் நம்ம ஷெட்டில் போடுவோம், வேண்டியவர் எடுத்துக்கொள்வோம் என்று அப்பாதான் பேச்சை எடுத்தார். நமக்குக் கார் வந்தால்தானே ஷெட்டுக்கு வேலை. சுவரில் பிளைவுட் அடித்து, ஒவ்வொரு சாமானையும் அதில் வைத்து அதன் வடிவத்தைப் பெயின்ட்டில் வரைந்து வைத்தார். எடுத்தால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். எடுத்தவர் தன் வீட்டுப் பெயர் எழுதிய டப்பா மூடியை அந்தச் சாமான் தொங்கிய ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திருப்பிக் கொண்டுவரும்போது துடைத்து, எண்ணெய் போட்டு, தேய்ந்த பிளேடை மாற்றித்தான் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் சட்டம் ஒன்று உண்டு. வேலை முடிந்தால் அதுவாக வரும், எவர் வீட்டு வாசலிலும் போய்க் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த முறை அவர் எடுக்கக் கூசுவார் என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் ஷெட்டில் கூட்டம்தான். டெல்சி டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு அலமாரி செய்வாள், சுனிதா செடிக்குத் தானாகத் தண்ணீர் விடுகிற ஏதோ ஒன்றை வயரும் லைட்டுமாகச் செய்துகொண்டிருப்பாள், அவள் காலேஜில் பாடம் எடுக்கிறவள். அடுத்த வீட்டு முருகதாஸ் ஒன்றும் செய்ய மாட்டார், டீ குடித்துக்கொண்டு எல்லாரையும் குறை சொல்வார். அத்தனை பேருக்கும் டீ போட்டது யார் என்று எவரும் கேட்கவில்லை. அது போகட்டும்.

தையல் பிரித்த வாரமே அப்பா மறுபடி ஷெட்டுக்குள் போய்விட்டார். சொன்னால் கேட்கிற ஆளா. மெஷினை ஒளித்து வைத்தால் தேடுவார், கெட்டுப்போனது என்றால் பிரித்துப் பார்த்துச் சரியாக்கிவிடுவார். வடசேரி சந்தையில் காய் வாங்கும்போது சுனிதாவிடம் இதைச் சொல்லி அழுதேவிட்டேன், அவ்வளவு பேர் நடுவில் நின்று. அவள்தான் வழி சொன்னாள். மெஷினை எடுத்துப் போகிறோம், திருப்பித் தராமல் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறோம், மாமா வாசலில் வந்து கேட்க மாட்டார் இல்லையா என்றாள். அப்படியே செய்தோம். முதலில் முருகதாஸ், பிறகு சுனிதா, பிறகு டெல்சி டீச்சர், திரும்பவும் முருகதாஸ். அப்பா மத்தியானம் தூங்கும்போது நான் ஷெட்டுக்குள் போய் ஆணியில் இருக்கும் மூடியை மாற்றுவேன். சொந்த வீட்டில் கள்ளி மாதிரி, கால் சத்தம் கேட்காமல். சாயங்காலம் அப்பா போய் அந்த வெறுமையான இடத்தைப் பார்ப்பார், மூடியை வாசிப்பார், வந்து உட்காருவார். அவருடைய சட்டத்தை வைத்தே அவரைக் கட்டிப்போட்டோம். இது பாவம்தான். ஆனால் பத்து விரலும் அவருக்கு இருக்கிறதே என்று மறுபக்கம் மனசைத் தேற்றிக்கொள்வேன்.

போன வியாழக்கிழமை கொட்டாரத்தில் ஆன்ட்ரூஸ் மாமாவைப் பார்க்கப் போனேன். முட்டு ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார், உன்னை ரொம்ப விசாரித்தார், ஒரு தடவை போன் பண்ணு. திரும்பும்போது சுசீந்திரம் பக்கம் கன்னிப்பூ நெல் அறுப்பு, ரோட்டிலேயே வைக்கோலைக் காயப் போட்டிருக்கிறார்கள், பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. இறங்கித் தெரு முனை திரும்பும்போதே சத்தம் கேட்டது. எத்தனை மெஷின் இருந்தாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கையில் இருந்த பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன், இந்த வயசில். நடந்தது இதுதான். டெல்சி டீச்சர் மாடிக்குக் கீரிப்பாறையில் இருந்து அபினா என்று ஒரு பெண் புதிதாகக் குடி வந்திருக்கிறாள். அவளுக்குச் செருப்பு ஸ்டாண்டு செய்ய மெஷின் வேண்டியிருந்தது, அப்போது சுனிதா வீட்டில் இருந்ததை, சுனிதா இல்லாத நேரம் அவள் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார். நம்ம ஏற்பாட்டை அந்தப் பெண்ணிடம் சொல்ல எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் வேலையை முடித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, புது பிளேடு மாட்டி, ஷெட்டில் போட்டுவிட்டுப் போவது மரியாதையில்லை என்று அப்பா கையிலேயே கொண்டு கொடுத்திருக்கிறாள். இத்தனை நாளில் நம்ம தெருவில் அப்பாவின் சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றியது அந்தப் பிள்ளைதான், அவளை என்ன சொல்லிக் கோபிக்க முடியும்.

ஷெட் வாசலில் நின்றுவிட்டேன். கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் மெஷினும் திரும்பும், அதனால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பைப்பை இடுக்கியில் இறுக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, மெஷினை ரெண்டு கையாலும் பிடித்திருந்தார். கை ஆட மெஷினும் ஆடியது. கோடு ஒரு பக்கம், வெட்டு ஒரு பக்கம். தீப்பொறி அவர் காலிலேயே விழுந்தது. பிறகு அவராகவே சுவிட்சை விட்டார். பிளேடு சுற்றி முடியும் வரை அசையாமல் நின்று, பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டினார். வெட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். நான் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய், அடுத்த வீட்டு முருகதாஸ் கதவைத் தட்டி, உனக்கு வேலை இருக்குமே, இதைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டு வந்தார். வந்து முருகதாஸ் மூடியைத் தன் கையாலேயே ஆணியில் மாட்டினார். கை ஆடியதில் ஆணியில் விழ நேரமானது. நான் உதவிக்குப் போகவில்லை. போகத்தான் மனசு துடித்தது, ஆனாலும் போகவில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் பேசினார். "முருகதாசுக்கு ஒரு ஆணி நேரே அடிக்கத் தெரியாது. அவனுக்கு என்னத்துக்குட்டி ஓயாம கட்டிங் மெஷின்? எனக்குக் கைதான் ஆடுது, மண்டை நல்லாத்தான் இருக்கு கேட்டியா" என்றார். தெரிந்துகொண்டே இத்தனை மாதம் அந்த மூடியை வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஏன் பிள்ளையிடம் புது மெஷினுக்கு வழி செய்தீர்கள் என்று கேட்டேன். குறைதான் சொன்னேன், அவள் அனுப்புகிறேன் என்பாள் என்று நினைக்கவில்லை, அனுப்புகிறேன் என்று சொன்னபோது அப்பாவுக்கு இன்னும் வேலை செய்ய முடியும் என்று அவள் நம்புகிறாள் என்பது நன்றாக இருந்தது என்றார். நானே போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார், ஆடுகிற கையால். "சொல்லாண்டாம். சொன்னா ஏன்னு கேப்பா. காரணம் தெரிஞ்சா அங்க உள்ள வேலையப் போட்டுட்டு ஓடி வந்திருவா. அனுப்பட்டும். வந்ததும் நேரா முருகதாஸ் வீட்டுல கொடுத்திரு."

அவரிடம் சரி என்றுவிட்டு இங்கே உனக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது மக்கா. டாக்டர் சொன்னதைக் கேட்காதது மாதிரி அவரிடம் நடிக்கவும், அவர் மறைப்பதை உன்னிடம் மறைக்கவும், மெஷின் சுற்றுகிற ஏற்பாட்டை அவரிடம் மறைக்கவுமாக, எதை யாரிடம் சொன்னேன் என்றே நினைவில் நிற்பதில்லை. ஒரு ஆளிடமாவது உள்ளதைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும் என்றிருந்தது. அந்த ஆள் நீதான். மாத்திரை அட்டையில் பெயர் இருக்கிற துண்டை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன், என்ன மருந்து, எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்த்துக்கொள், எனக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் சொல். அழுதுகொண்டு டிக்கெட் போடாதே. லீவு கிடைக்கும்போது வழக்கம்போல வா. வந்து கையைப் பார்த்தால் அப்போது தெரிந்தது மாதிரி இரு.

மெஷினை நிறுத்திவிடாதே, ஆர்டர் போடு. நிறுத்தினால் நான் உனக்கு எழுதியது அவருக்குத் தெரிந்துவிடும். விலாசத்தில் மட்டும் முருகதாஸ் வீட்டு நம்பரைப் போடு, தெரு அதேதான். பிறகு போனில் பேசும்போது மெஷின் எப்படி இருக்கிறது என்று நீயாகக் கேள். நல்லா ஓடுகிறது என்பார். என்ன செய்தீர்கள் என்றும் கேள். கேட்காமல் விட்டால் சந்தேகப்படுவார். ஜன்னல் கம்பி அறுத்தேன், கேட்டுக்குப் பூட்டுப் பட்டை வைத்தேன் என்று ஏதாவது சொல்வார், இப்போதிருந்தே யோசித்து வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன், நேற்று சும்மா உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடிக்கும் வரை கேள். அளவு, இரும்பு கனம் எல்லாம் கேள், சின்னப் பிள்ளையில் அவர் பின்னால் திரிந்து கேட்பாயே அது மாதிரி.

குளிர் தொடங்கியிருக்கும், காலில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதே, பிள்ளைக்கும் போடு. தொடர்ந்து நைட் டியூட்டி வாங்காதே. மருமகனிடம் விசாரித்ததாகச் சொல். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். வாசித்ததும் இதைக் கிழித்துப் போடு, மாத்திரைத் துண்டை மட்டும் வைத்துக்கொள். அப்பா எழுந்துவிட்டார், இருமல் கேட்கிறது.

உன் அம்மா,
செசிலி ததேயுஸ்
நாகர்கோவில்