போறேன் என்று முடித்த பதிவுகள்

வ. புதுப்பட்டி,
4ஆம் தேதி, புதன்கிழமை.

அன்பு மகன் பாண்டிதுரைக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீ சுகமாக இருப்பதாக உன் பிளாக்கில் உலகத்துக்கே எழுதிவிட்டாய், அதனால் தனியாகக் கேட்க வேண்டியதில்லை, ஆனாலும் கேட்கிறேன், சுகமா? பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கான்சாபுரம் வயலில் நடவு முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள், அந்த வியாதி அவளிடமிருந்துதான் உனக்கும் வந்திருக்க வேண்டும். போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ சிக்னல் இல்லை என்பாய், பக்கத்தில் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் உன் சிநேகிதன் ராம்கி கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், கேட் கம்பி வழியாகவாவது உன்னிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதிய கை இது. உண்மை சொல்கிறவன் நடுவில் சம்பந்தமில்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதையும் சொல்வான், சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறவன்தான் கோர்வையாகச் சொல்வான். நீ போன புதிதில் எழுதியதில் மூட்டைப்பூச்சி இருந்தது, தேங்காய் எண்ணெயில் மீன் பொரித்த சமையல்காரனோடு நீ போட்ட சண்டை இருந்தது, வாசித்து வாசித்துச் சிரித்தோம். எட்டு மாதமாக வருவதில் ஒரு குறை இல்லை, ஒரு ஆள் பெயர் இல்லை. ஏசி ரூம், வெள்ளிக்கிழமை கடற்கரை, பேரீச்சம்பழம். எனக்குச் சந்தேகம்தான் வந்தது, பிடித்தது உன் அம்மா. "ஏங்க, முன்னயெல்லாம் கடைசில வாரேன்னு முடிப்பான், இப்ப போறேன்னு எழுதுதான், பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள். நம் ஊரில் பச்சைப்பிள்ளைகூட வாசலிறங்கும்போது போறேன் என்று சொல்லாது. நீ யோசித்து எழுதியிருக்க மாட்டாய், உன்னை அறியாமல் வந்திருக்கும். மறுநாளே ராஜபாளையம் போய் ராம்கியைப் பிடித்தேன். முதலில் மழுப்பினான், நான் விடவில்லை. ஒப்பந்தம் முடிந்து எட்டு மாதமாகியும் கம்பெனி பாஸ்போர்ட்டைத் தரவில்லை, தங்கியிருக்கும் கேம்ப் கேட்டைத் தாண்ட விடுவதில்லை, கடற்கரைப் படமெல்லாம் தான் எடுத்து அனுப்பியது என்றான். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மனு நாளில் விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் போய் மனுக் கொடுத்தேன். அங்கிருந்தவர் வாசித்துவிட்டுத் தன் போனில் உன் பெயரைத் தட்டினார், உன் பிளாக் வந்தது. "ஐயா, போன வாரங்கூட ஒங்க மகன் கடல்ல குளிச்சேன்னு எழுதிருக்காரே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கம்பெனி போட்ட பூட்டுக்கு மேல் நீயும் ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறாய். அதைவிடப் பெரிய கஷ்டம் பின்தெரு சுடலையம்மாள் மகன் இசக்கிமுத்து. உன் பிளாக்கை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு, பார்த்துக்கொண்டிருந்த ராஜபாளையம் மில் வேலையை விட்டுவிட்டான். உன்னை அனுப்பிய அதே ஏஜெண்ட், அதே கம்பெனி, வருகிற பதினெட்டாம் தேதி பயணம். நான் போய் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். சுடலையம்மாள் அரிசி புடைத்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டையா, ஒங்க மகன் மட்டும் கடக்கரைல காத்து வாங்கணும், எம்பிள்ள மில்லுல பஞ்சத் தின்னுட்டுக் கெடக்கணுமோ" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தால் உன் பொய்யை உடைக்க வேண்டும், அது அடுத்த நிமிஷம் அம்மா காதுக்கு வந்துவிடும். அப்படியே திரும்பிவிட்டேன். எத்தனையோ பேரைக் கம்பிக்கு உள்ளே வைத்தவன், இப்போது எந்தப் பக்கமும் நகர முடியாமல் நிற்கிறேன். பயமாக இருக்கிறது பாண்டி.

எங்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்றுதான் அப்படி எழுதினாய், தெரியும். நாங்கள் நம்பவில்லை, ஊர் நம்பிவிட்டது. ஒரே ஒரு பதிவு எழுது. கம்பெனி பெயர் வேண்டாம், வீராப்பும் வேண்டாம். பாஸ்போர்ட்டை எந்தத் தேதியில் வாங்கினார்கள், கேட்டில் என்ன சொல்லி மறித்தார்கள், நேற்று என்ன சாப்பிட்டாய், அது போதும். உன் பாஸ்போர்ட் ஜெராக்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன், பதிவு வந்ததும் இரண்டையும் மனுவோடு சேர்ப்பேன். இசக்கிமுத்துவும் அதை வாசித்தால் நின்றுவிடுவான். ஊர் சிரிக்குமே என்று பார்க்காதே, சிரிக்கிறவன் வீட்டிலா நாம் உலை வைக்கிறோம்.

வெறும் வயிற்றோடு கிடக்காதே. யாரிடமும் கைநீட்டிப் பேசாதே, காகிதம் எதிலும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே. இருளப்பசாமி உன்னை முழு உடம்போடு வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். பதினாறாம் தேதி சாயங்காலம் வரை பொறுப்பேன். அதற்குள் உன் பதிவு வராவிட்டால், முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பிறகு சுடலையம்மாள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அதற்காக நீ என்னோடு பேசாமல் போனாலும் சரி. விஷயம் தெரிவதற்கு முன்னால் அந்த ஏஜெண்டின் நம்பரை இசக்கிமுத்துவுக்குத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தது நான்தான்.

உன் அப்பா,
வெ. சிவனாண்டி